ரிவால்வர்னா என்ன? தமிழ்ல சுழல் துப்பாக்கி

கௌபாய் படத்துல ஹீரோ இடுப்புல தொங்குறத பிஸ்டல்னும் ரிவால்வர்னும் மாத்தி மாத்தி சொல்றாங்க. பொதுவா பிஸ்டல்னா கைத்துப்பாக்கி, ரிவால்வர் அதுல தனி வகை. லத்தீன்ல ரெவால்வெரேன்னா திரும்ப உருட்டுறது, அதுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்த சொல். இங்க சுத்துறது குழல் இல்லைங்க, குழலுக்குப் பின்னாடி இருக்குற உருளை, அதுல அஞ்சோ ஆறோ அறை இருக்கும், குதிரையை (துப்பாக்கியோட சுத்தியலுக்கு தமிழ்ல பழைய பேரு) பின்னால இழுத்தா உருளை ஒரு அறை நகர்ந்து குழலுக்கு நேரா வந்து நிக்கும். சாமுவேல் கோல்ட் 1836ல அமெரிக்காவுல இதுக்குத்தான் பேடன்ட் வாங்கினாரு. அதனால சுழல் துப்பாக்கிதான் பொருத்தமான சொல். துப்பாக்கிங்கிறதே துருக்கிப் பக்கத்துலேர்ந்து வந்த சொல்தான், ஆனா எப்பவோ நம்மளோடதாயிடுச்சு.

சரி, படங்கள் எங்க சறுக்குதுன்னா இந்த உருளையிலதான். 1966ல வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதை, 1862 வாக்குல நடக்குது. ஹீரோ கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில இருக்குறது கோல்ட் கம்பெனியோட '1851 நேவி'ங்கிற ரிவால்வர், மாடல் சரிதான், ஆனா பித்தளைத் தோட்டா போடுற மாதிரி மாத்தினது. அந்தப் போர்ல நேவி வச்சிருந்தவன் ஒவ்வொரு அறையிலயும் முன்பக்கமா கரிமருந்து போட்டு, மேல ஈயக்குண்டு வச்சு, குழலுக்கு அடியில இருக்குற நெம்புகோலால அழுத்தி, அப்புறம் பின்பக்கம் தீபாவளி பொட்டுவெடி மாதிரி ஒரு சின்ன செம்புத் தொப்பி மாட்டணும், ஆறு அறைக்கும் இதே வேலை, சண்டை நடுவுல இதெல்லாம் சட்டுனு முடியுமா சொல்லுங்க. பின்னாலேர்ந்து தோட்டா போட உருளை முழுக்க துளை இருக்கணும், அந்த பேடன்ட் 1855லேயே ரோலின் வைட் வாங்கிட்டாரு, உரிமை போட்டிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிட்ட, 1869 வரைக்கும் கோல்ட் கம்பெனி அதைத் தொட முடியல. கோல்டோட பேர் போன தோட்டா ரிவால்வர் பீஸ்மேக்கர் 1873ல தான் வந்துச்சு. அதுலயும் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒண்ணு ஒண்ணா தான் போடணும்.

புகை இன்னொரு விஷயம், கரிமருந்து நாலு தடவை சுட்டாலே வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும், படத்துல பாருங்க, எல்லாம் பளிச்னு தெரியும்.

சப்டைட்டில் எழுதுறவங்க கவனிக்கணும், 1860கள் கதைன்னா கோல்டுக்கு "மருந்து கெட்டிச்சான்", 1873க்கு அப்புறம்னா "தோட்டா போட்டான்".