ஆறாம் நம்பர் பெட்டில் இருந்தவர் பெயர் என்ன?

விடியற்காலை மூன்று மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார், ஆறாம் நம்பர் பெட்டுக்கு மூச்சு வாங்குகிறது என்று. போனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, ஊசி போட்டு, சிறுநீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். ஆள் பிழைத்துக்கொண்டார். காலையில் வராந்தாவில் ஒரு பெண் வழிமறித்து, தன் அப்பா பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கார் டாக்டர்?" என்று கேட்டபோது அந்தப் பெயருக்கு எந்த முகமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. "எந்த பெட்?" என்றேன். ஆறு என்றதும் ஆக்ஸிஜன் அளவு, யூரின் அளவு எல்லாம் கடகடவென்று வாயில் வந்தது, முகம் மட்டும் வரவே இல்லை.

வைத்தியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இன்னும் எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

பர்ன்அவுட் (பணிச்சோர்வு) என்றால் களைப்பு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். களைப்பு அதில் ஒரு பாதிகூட இல்லை. 1981-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கிய உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று விஷயங்களைச் சொன்னார்: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனிதராகவே தெரியாமல் போவது, செய்கிற வேலையால் என்ன பயன் என்று தோன்றுவது. டாக்டர்கள் முதலாவதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வோம், முப்பது மணி நேர டூட்டி பார்த்தேன் என்று. இரண்டாவதைத்தான் வெளியே சொல்ல மாட்டோம், ஏனென்றால் அதைச் சொன்னால் நாம் கெட்ட டாக்டர் என்று ஆகிவிடும். நான் கவனித்தவரை அதுதான் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வெளியே அது எப்படித் தெரியும்? நோயாளி இரண்டாவது வாக்கியம் பேசுவதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிடும். யோசிக்க அலுப்பாக இருப்பதால் ஸ்கேன் எழுதுவோம், அல்லது வேறு துறைக்கு ரெஃபர் செய்துவிடுவோம் (அதற்குப் பெயர் எச்சரிக்கை உணர்வு என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்). எழுதாத டிஸ்சார்ஜ் சம்மரிகள் குவியும். டூட்டி ரூமில் நோயாளிகளைப் பற்றிய கிண்டலில் லேசாக விஷம் ஏறும். போன் அடித்தாலே வயிறு இறுகும். இவற்றில் ஏதோ ஒன்று என்றாவது ஒருநாள் யாருக்கும் நடக்கும்தான், நான் சொல்வது நாலு நாள் லீவு எடுத்துத் தூங்கி எழுந்து வந்த பிறகும் முதல் மணி நேரத்திலேயே இதெல்லாம் திரும்பிவிடுவதை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்குத் தந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். இது நோய் அல்ல, வேலையிடத்தின் தீராத அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வரும் நிலை என்றது. அதாவது கோளாறு இருக்கும் இடம் ரோஸ்டர் (யாருக்கு எப்போது டூட்டி என்ற அட்டவணை). ஆனால் நிர்வாகங்கள் அனுப்புவது மூச்சுப்பயிற்சி வகுப்பை, அதுவும் நைட் டூட்டி முடிந்த மறுநாள் காலையில்! மூச்சுப்பயிற்சி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இருபத்துநாலு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் ஷிப்டுகள் இருந்த ரோஸ்டரில், ஷிப்டைக் குறைத்த ரோஸ்டரைவிட, பயிற்சி டாக்டர்கள் கடுமையான தவறுகளை 36 சதவீதம் அதிகமாகச் செய்ததாக 2004-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கை மூச்சை இழுத்து விட்டுச் சரிசெய்ய முடியாது.

எங்கள் துறையில் உதவியவை எல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள். நைட் முடிந்தால் ரவுண்ட்ஸுக்கு நிற்கக் கூடாது, கேஸை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். லீவில் இருப்பவருக்கு வார்டிலிருந்து போன் போகக் கூடாது. ஒரு மரணம் நடந்தால், குறிப்பாகக் குழந்தை என்றால், அந்த டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கும் முன் யாராவது பத்து நிமிடம் கூட உட்கார வேண்டும். இதற்குப் பணம் செலவாகவில்லை, வாக்குவாதம்தான் நிறைய ஆனது. "நாங்கள் எல்லாம் இப்படியா படித்தோம்?" என்ற கேள்வியைத் தாண்டி வரவே ஆறு மாதம் பிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையை விட்டு விலகியிருக்கும்போதும் எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அதைப் பணிச்சோர்வு என்று ஒதுக்காதீர்கள், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தனக்குத்தானே தூக்க மாத்திரை எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் தொழிலில் எவ்வளவு சகஜம் என்று நமக்கே தெரியும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நமக்கு வசதி இல்லை, ஆபத்து.

என் ஜூனியர் ஒருவர் கொஞ்ச நாளாகப் பார்க்கிங்கில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்காமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம், சில நாள் இருபது. மூன்றாவது நாள் கண்ணில் பட்டதும் பக்கத்தில் போய் நின்றேன். "என்னப்பா, உள்ளே போகப் பிடிக்கலையா?" என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "ஆமா சார்" என்றார். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை, அன்று அவர் ஓபியை நான் பார்த்தேன். அப்புறம் மூன்று வார லீவு, ஒரு மனநல மருத்துவரிடம் ஆலோசனை, திரும்பி வந்தபின் இரண்டு மாதத்துக்கு நைட் குறைத்த ரோஸ்டர். இப்போது நைட் முடிந்தால் சொன்ன நேரத்துக்கு பைக்கை எடுத்துவிடுகிறார். போகிற வழியில் என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "நீங்க இன்னும் கிளம்பலையா சார்?" என்கிறார்.