பாய்ந்தால் தோற்றுவிடும் குதிரை

ஒரு வாசகர் அமெரிக்கப் பந்தய வீடியோ ஒன்றை அனுப்பி, "ரேக்ளா மாதிரி சின்ன வண்டியை இழுத்துக்கொண்டு இவ்வளவு வேகமாக ஓடுகிற குதிரை, நாலுகால் பாய்ச்சல் மட்டும் எடுக்கவில்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தார். அது ஹார்னஸ் ரேசிங். பாய்ந்தால் குற்றம். ஓட்டுநர் லகானை இழுத்து குதிரையைப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குள் மற்ற வண்டிகள் போயே போய்விடும்.

அனுமதித்த நடை இரண்டு. டிராட் என்றால் முன் இடது காலும் பின் வலது காலும் சேர்ந்து எழும், அடுத்து மற்ற ஜோடி. பேஸ் என்றால் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து எழும், ஒட்டகம் நடப்பது போல.

சாதாரணக் குதிரைக்கு வேகம் கூடினால் பாய்ச்சல்தான் சிக்கனம், தானாகவே மாறிவிடும். சரி, இவை ஏன் மாறுவதில்லை? பயிற்சி உண்டு, பேஸ் குதிரைகளுக்குக் காலைக் கோக்கும் வாரும் உண்டு. ஆனால் சூட்சுமம் தண்டுவடத்தில் இருக்கிறது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து லெய்ஃப் ஆண்டர்சன் குழு 70 ஐஸ்லாந்துக் குதிரைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றில் சில பேஸ் போடும், சில போடாது. வித்தியாசம் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் வந்து நின்றது, அதிலும் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்தில்: சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் "இத்தோடு நிறுத்து" என்ற கட்டளை நடுவழியிலேயே வந்து புரதம் அரைகுறையாக நின்றுபோகிறது. தண்டுவடத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் குறுக்கே கோக்கும் சில நரம்புச் செல்களுக்கு அந்தப் புரதம் தேவை. மூளை "வேகமாகப் போ" என்று சொன்னால் போதும், எந்தக் கால் எழ எந்தக் கால் ஊன்றுவது என்ற தாளத்தை தண்டுவடமே போட்டுக்கொள்ளும், அந்த ஏற்பாட்டில் இந்தச் செல்களும் சேர்த்தி. இவை மாறி வளர்ந்த குதிரை, தாளத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறது! இதே மரபணுவை நீக்கிய எலிகளோ வேகமாக ஓடத் திணறின. 2012-இல் வந்த இந்த ஆய்வுக்கு, "குதிரை நடைக்கெல்லாம் எதற்குக் காசு?" என்று யாராவது கேட்டிருந்தால் தண்டுவடத்தைப் பற்றிய இந்தச் சேதி நமக்குக் கிடைத்திருக்காது என்பது என் கட்சி.

இந்தப் பந்தயத்துக்கென்றே வளர்க்கும் ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இந்த மாற்றம் உண்டு, டிராட் குதிரை, பேஸ் குதிரை இரண்டுக்கும். வந்த வழிதான் வேடிக்கை. 1806-இல் யாங்கி என்ற குதிரை ஒரு மைலை 2 நிமிடம் 59 விநாடியில் டிராட்டில் ஓடியது. 1845-இல் லேடி சஃபோக் இரண்டரை நிமிடத்துக்குள் வந்தது. 1879-இல் வளர்ப்பாளர்கள் அந்த 2:30-ஐயே அளவுகோலாக, அதாவது ஸ்டாண்டர்டாக, வைத்துப் பதிவேட்டில் சேர்த்தார்கள், இனத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம். நம் ஊரில் குதிரை வாங்கச் சுழி பார்ப்பார்கள், இவர்கள் கடிகாரம் பார்த்தார்கள், நான் கடிகாரத்தின் பக்கம்.

ஆனால் எல்லாப் புகழும் குதிரைக்கே இல்லை. 1892-இல் நான்சி ஹாங்க்ஸ் டிராட் சாதனையை 2:04-க்குக் கொண்டுவந்தது, முந்தைய ஆண்டுச் சாதனை 2:08¼. நடுவில் வந்தது சைக்கிள் சக்கரமும் காற்றடைத்த டயரும் போட்ட வண்டி. அப்புறம் 1897-இல் ஸ்டார் பாயிண்டர் பேஸில் 2 நிமிடத்தை உடைத்தது, 1980-இல் நியாட்ராஸ் 1:50-ஐ. 2022-இல் நியூ ஜெர்சியின் மெடோலேண்ட்ஸ் களத்தில் புல்டாக் ஹானோவர் 1 நிமிடம் 45.8 விநாடியில் மைலை முடித்தது. மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர், கடைசி வரை அதே ஒட்டக நடையில்.