ரெட் டொட் வாங்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்

பெரும்போகக் கதிர் தலை சாயத் தொடங்கினால் போதும், மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து எங்கள் கண் பரிசோதனை அறைக்கு ஒரே வகை முறைப்பாடு வரும். "மிஸ், துவக்குக்கு ஒன்லைன்ல ரெட் டொட் எடுத்தன். புள்ளி வட்டமா இல்ல, வால் முளைச்ச மாதிரிக் கிடக்கு. கள்ளச் சாமானைத் தந்து ஏமாத்திப்போட்டான்." ரெட் டொட் என்பது துவக்கின்மேல் பூட்டிக் குறிபார்க்கும் கருவி, அதாவது ஒருவகை சைட். அதனூடே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்.

போன கிழமையும் ஒருவர் வந்தார். வவுணதீவுப் பக்கம், வயது ஐம்பது தாண்டியவர். பயிர்க்காவலுக்கென்று தகப்பன் காலத்திலிருந்து உரிமத்தோடு இருக்கும் 12 போர் துவக்கு. முதல் வாங்கிய ரெட் டொட்டைத் திருப்பி அனுப்பி, அடுத்ததையும் அனுப்பி, பிறகு விலை கூடிய ஒன்றை வாங்கி, அதிலும் அதே வாலைக் கண்டபிறகுதான் எங்களிடம் வந்திருக்கிறார். வலக்கண்ணில் சிலிண்டர் பவர் 1.75. ஐயா தூரத்துக்குக் கண்ணாடி போட்டதே இல்லை. சந்தையில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடி மட்டும் சட்டைப்பையில். மூன்று சாமானுக்கும் கொடுத்த காசில் ஒரு நல்ல கண்ணாடியே செய்திருக்கலாம்.

சிலிண்டர் பவர் இருக்கிறதென்றால் பெரும்பாலும் கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்குப் பளிச்சென்ற சிறிய வெளிச்சம் எதுவும் இழுபட்டுத்தான் தெரியும். பகலில் மரமும் மாடும் பெரிதாகக் குழம்பாது. இரவில் எதிரே வரும் மோட்டார்சைக்கிள் விளக்கு கதிர் கதிராகப் பிரிந்து தெரிகிறதா? அப்படியென்றால் ரெட் டொட்டும் அப்படித்தான் தெரியும். சோதிக்கக் காசு தேவையில்லை. சைட்டைத் துவக்கில் பூட்டாமல் கையில் பிடித்து, சுவரை நோக்கிப் புள்ளியைப் பாருங்கள். பிறகு சைட்டை மெல்லச் சுழற்றுங்கள். வால் கூடவே சுழன்றால் பழுது சாமானில். சைட் சுழன்றும் வால் அதே திசையில் நின்றால் அது உங்கள் கண். போன் கமராவை வைத்துப் பார்த்தாலும் தெரியும்: கமராவுக்கு வட்டமாகத் தெரிவது உங்களுக்கு மட்டும் வால்வெள்ளியாகத் தெரிந்தால் விற்றவனோடு சண்டைக்குப் போகவேண்டாம். புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தால் வால் சுருங்கும். சரியான தூரக் கண்ணாடியைப் போட்டால் பெரும்பாலானோருக்குப் புள்ளி புள்ளியாகவே தெரியும்.

இனி, நான் பேசிப் பேசிக் களைத்த விஷயத்துக்கு வருகிறேன். ரெட் டொட் லேசர் அல்ல. அல்லவே அல்ல. சிவப்புப் புள்ளி இங்கிருந்து பறந்துபோய்ப் பன்றியின் நெற்றியில் விழும், அதைப் பார்த்துச் சுட்டால் போதும் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். ரெட் டொட்டுக்குள் ஒரு மிகச் சிறிய எல்.ஈ.டி. இருக்கிறது. அது முன்னால் உள்ள வளைந்த கண்ணாடியில் பட்டு, திரும்பிச் சுடுகிறவரின் கண்ணுக்கே வருகிறது. இலக்கை நோக்கி எதுவும் போவதில்லை. இரவு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்தால் உள்ளே எரியும் பல்பு வெளியே வயலுக்குள் நிற்பதுபோலத் தெரியுமே, அதே சங்கதி. அந்த வளைவினால் புள்ளி வெகுதூரத்தில் நிற்பதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். 1900 ஆம் ஆண்டளவில் அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் கிரப் இந்தத் தத்துவத்தை விளக்கிவிட்டார். 1975 இல் சுவீடனின் எய்ம்பொயின்ட் அதை மின்கலத்தோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. புதிய மாயம் ஒன்றுமில்லை. புள்ளி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பன்றிக்கும் தெரியாது, பக்கத்து வாடியில் இருப்பவருக்கும் தெரியாது.

லேசரும் இதுவும் ஒன்றென்று நினைப்பதால் வரும் இன்னொரு தீங்கு உண்டு, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குவது. "ரெட் டொட் கண்ணுக்கு ஒன்றும் செய்யாதாம்" என்று கேள்விப்பட்டவர்கள், காவலுக்கென்று வாங்கிய பச்சை லேசரையும் அதே கணக்கில் பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுக்கிறார்கள். ரெட் டொட்டின் எல்.ஈ.டி. கண்ணைக் கெடுக்காது, மெய்தான். லேசர் அப்படியல்ல. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதென்றால் கண் சிமிட்டுவதே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். மலிவு லேசர்களின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கத்தையோ நம்ப முடியாது. பிள்ளைகள் சிமிட்டாமல் பந்தயம் கட்டிப் பார்க்கிறார்கள், முகக்கண்ணாடியில் அடித்து விளையாடுகிறார்கள். விழித்திரையின் நடுவே சுட்டுவிட்டால் வலி இருக்காது. பிள்ளை அழாது. பிறகு ஒருநாள் கரும்பலகையில் நடு எழுத்து மறைகிறது என்று சொல்லும்போது அதைத் திருத்த என்னிடம் கண்ணாடி இல்லை. தயவுசெய்து லேசரைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சரி, நாற்பது தாண்டியவர்களுக்கு ரெட் டொட்டால் பிரயோசனமே இல்லையா? இருக்கிறது. பழைய துவக்கின் இரும்புக் குறியில் முன் குறி, இலக்கு, பின் குறியும் இருந்தால் அதுவும் என்று வெவ்வேறு தூரங்களைக் கண் மாறிமாறிப் பிடிக்கவேண்டும். வெள்ளெழுத்து வந்த கண் முன் குறியிலேயே தோற்றுப்போகும். ரெட் டொட்டில் தூரத்தை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அங்கேயே நிற்கும். ஆனால் தூரப் பார்வை நன்றாக இருந்தால்தான் இந்த லாபம். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறி வைத்தால் இலக்கு கலங்கும். கண்ணில் வெண்படலம் இருந்தால் புள்ளி பூத்துப் பரவி, மறைக்கக்கூடாததை எல்லாம் மறைக்கும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இன்றைய பார்வை நாளைக்கு இருக்காது. அவர்கள் முதலில் சீனியைக் குறைத்துக்கொண்டு வரட்டும்.

எந்தக் கண் முதன்மைக் கண் என்பதையும் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்து மரமொன்றைப் பெருவிரலால் மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் மரத்தைவிட்டு நகரவில்லையோ அதுவே முதன்மைக் கண். வலது தோளில் துவக்கை வைப்பவருக்கு இடக்கண் முதன்மையாக இருப்பது நான் அடிக்கடி காண்கிற ஒன்று. "முப்பது வருசமா ஏன் குறி தவறுது எண்டு இப்பதான் விளங்குது" என்று ஒரு பெரியவர் என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டார்.

பொருத்துவது என் தொழில் அல்ல. ஆனால் தவறாகப் பொருத்தியதன் பலன் கண்ணில்தான் வந்து விழுகிறது, ஆகவே சொல்கிறேன். வீடியோக்களில் அமெரிக்கர்கள் 1940களின் எம்1 காபைன் என்ற இராணுவத் துவக்குக்கு ரெட் டொட் போடுவதைப் பார்த்துவிட்டு, நம்முடைய பழைய மடக்குத் துவக்கிலும் அப்படியே செய்யப் பார்க்கிறார்கள். அந்தக் காபைனின் வெற்றுத் தோட்டா மேற்பக்கமாகத் துள்ளி வெளியேறும். அது இடிபடாமலிருக்க, குழலின் மேலுள்ள மரக் கைக்காப்பைக் கழற்றிவிட்டு, ரெயில் (சைட்டைப் பூட்டும் பட்டி) உள்ள உலோகக் காப்பைப் போட்டு, சைட்டை முன்தள்ளி வைக்கிறார்கள். துளை எதுவும் போடுவதில்லை. ரெட் டொட்டுக்குக் கண் இத்தனை அங்குலத்தில் இருக்கவேண்டும் என்ற கணக்கு இல்லாததால் அது சரிவரும். நம்முடைய துவக்கில் அப்படிக் கழற்றி மாட்ட மேல்காப்பு ஏது? உடனே வெல்டிங் கடைக்குப் போகிறார்கள். குழலில் துளை போடாதீர்கள், வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள். சுவர் மெலிந்த குழல் வெடித்தால் உலோகத் துண்டு முதலில் தேடுவது குனிந்திருக்கும் முகத்தைத்தான். உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநரிடம் போங்கள். இரட்டைக் குழலென்றால் நடுவிலுள்ள பட்டியைக் கவ்விப் பிடிக்கும் தாங்கி பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாது என்று அவர் சொன்னால் அத்தோடு விடுங்கள்.

தாங்கி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. பழைய மரப்பிடி இரும்புக் குறிக்கு அளவாகச் சரித்துச் செதுக்கப்பட்டது. சைட்டை உயரத்தில் வைத்தால் கன்னம் பிடியில் அமராது, தாடை மட்டும் தொடும். தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். மலிவு சைட்டில் கண் நடுவைவிட்டு விலகினால் கிட்டத்து இலக்கில் புள்ளியும் விலகும். "புள்ளியைத் தேடவேண்டிக் கிடக்கு" என்பவர்களில் பலருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, சைட்தான் உயரம். 12 போரின் உதைப்பில் திருகாணி தளரும். பூட்டியபின் திருகாணித் தலையிலிருந்து தாங்கிவரை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், கோடு விலகினால் தளர்ந்துவிட்டதென்று பார்த்ததும் தெரியும். புள்ளியின் அளவு பற்றியும் கேட்கிறார்கள். அதை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 2 எம்.ஓ.ஏ. என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றரை மறைக்கும். சன்னம் சிதறிப் போகும் துவக்குக்கு அவ்வளவு நுண்மை எதற்கு? 6 எம்.ஓ.ஏ. வயதான கண்ணுக்கு இலகு.

இரவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உயர்ந்தால் மன்னியுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். புள்ளியைப் பகலுக்கு வைத்த வெளிச்சத்திலேயே விட்டபடி ஒருதரம் பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். புள்ளி மட்டும் அழகாகத் தெரியும், அதன் பின்னால் நிற்பது தெரியாது. பற்றைக்குள் அசைவதன்மேல் புள்ளியை வைத்துவிட்டேன் என்பது அதை இனங்கண்டதாக ஆகாது. வாய்க்கால் கட்டில் குந்தியிருப்பவர் அடுத்த வயற்காரராக இருக்கலாம், தேநீர் கொண்டுவந்த மகனாக இருக்கலாம். முதலில் டோர்ச் அடியுங்கள், குரல் கொடுங்கள். இன்னதென்று தெரியாவிட்டால் துவக்கு இறங்கட்டும். யானைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அதைச் சுடுவது சட்டப்படி குற்றம், காயப்பட்ட யானை அடுத்த ஊருக்கு எமன். வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானைவெடிக்கு ரெட் டொட் தேவையில்லை.

கண்ணைக் காட்ட வரும்போது சைட்டைப் பற்றறி போட்டுக் கொண்டுவாருங்கள், வீட்டில் கிடக்கும் கண்ணாடிகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். எந்தக் கண்ணாடியோடு புள்ளி ஒழுங்காகத் தெரிகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். துவக்கைக் கொண்டுவர வேண்டாம். பாயில் சுற்றி மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, "தோட்டா போடல்ல மிஸ்" என்று சிரித்தவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.