கம்ப்ரஸருக்கு எந்த மூலை?

மணலில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் முதலில் செய்வது டயரில் காற்றைக் குறைப்பதுதான். 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்த டயரை 15-க்குக் கொண்டுவந்தால் அது நீளவாக்கில் தரையோடு படிந்து எடையைப் பரப்பிக்கொள்ளும், புதையாது. இறக்குவது சுலபம். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் நான்கு டயருக்கும் காற்று அடிக்க வேண்டுமே, அதற்குத்தான் வண்டியிலேயே ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர். எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் அலசுகிற நாம், எங்கே பொருத்துவது என்பதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறோம். அவரும் பானெட்டைத் திறந்து, கை நுழைகிற இடமாகப் பார்த்து ஒரு பிராக்கெட் போட்டுவிடுவார்.

என் மஹிந்திரா தாரிலும் அப்படித்தான் நடந்தது. ஜெய்சால்மர் பக்கம் மணல்மேடுகளில் அரைநாள் ஓட்டிவிட்டு ஓரங்கட்டிக் காற்று அடித்தால், மூன்றாவது டயரில் கம்ப்ரஸர் நின்றுபோனது. சூடு அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு உள்ளே இருக்கிறது. ஆறும்வரை வெயிலில் காத்திருந்தோம்.

சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும், அடிக்க அடிக்க அதன் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும், அதுவும் உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பொறுத்து. வெப்பம் எங்கும் தப்பாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 30 டிகிரி காற்றை 30 பிஎஸ்ஐ-க்கு அமுக்கும்போது அது 140 டிகிரியைத் தொடும். அதே காற்று 80 டிகிரியில் உள்ளே போனால் 210-ஐத் தாண்டும். (நிஜத்தில் சிலிண்டருக்கு வெளியே துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகடுகள் கொஞ்சம் சூட்டை வெளியே விடும் என்பதால் இவ்வளவு ஏறாது, ஆனால் போக்கு இதுதான்.) சூடான காற்று லேசானது வேறு. 80 டிகிரியில் அதன் அடர்த்தி 30 டிகிரியில் இருப்பதைவிட 14 சதவீதம் குறைவு, ஆகவே பிஸ்டன் ஒவ்வொரு முறையும் குறைவான காற்றைத்தான் இழுக்கிறது, அதே டயருக்கு இன்னும் நிறைய நேரம் ஓட வேண்டியிருக்கிறது, ஓட ஓட இன்னும் சூடாகிறது. மோட்டாரின் செம்புக் கம்பியும் சும்மா இருக்காது, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. காற்று அடிக்கும் நேரம் எது? கடுமையாக ஓட்டிவிட்டு நிறுத்திய உடனே. ஓடும்போது பானெட்டுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்த காற்று நின்றுவிடும், டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் சேர்த்துவைத்த சூடு முழுவதும் அங்கேயே தங்கும். நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் உள்ளே வெப்பம் ஏறத்தான் செய்யும். அந்த நேரத்தில்தான் கம்ப்ரஸரின் சுவிட்சைப் போடுகிறோம்.

சரி, அப்படியானால் பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடலாமா? குளுமை, சுத்தம் இரண்டும் கிடைக்கும். ஆனால் பேட்டரி முன்னால் இருக்கிறது. இரட்டை சிலிண்டர் கம்ப்ரஸர் 50 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். 4 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் போகிற வழியில் மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும், 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் அது கால் வோல்ட்டுக்குள் அடங்கும். திரும்பி வரும் எர்த் பாதையிலும் இதே கவனம் வேண்டும். ஃபியூஸ் கண்டிப்பாகப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பாற்றுவது அந்த நீண்ட வயரை.

இருக்கைக்கு அடியில் வைப்பதும் நல்ல யோசனைதான், தரைவிரிப்பு அதன் காற்றோட்டத்தை அடைக்காமலும், ஏர்பேக் வயர்கள் நசுங்காமலும் பார்த்துக்கொண்டால். தகரத்தில் நேராக முடுக்கினால் தரை முழுவதும் பறை மாதிரி அதிரும், அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் புஷ் அவசியம். சேஸிஸுக்கு அடியில் மட்டும் வேண்டாம். தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரில் இறங்கலாம் என்கிறார்கள். சூடான கம்ப்ரஸர் சட்டென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் இல்லாவிட்டால் சேறும் கல்லும் இருக்கின்றன.

எனக்கு இதில் பிடித்த தீர்வு செலவு குறைந்தது. கம்ப்ரஸரை இடம் மாற்ற முடியாவிட்டாலும் அதன் மூச்சை மாற்றலாம்: காற்று உள்ளே போகும் வாயில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றி, அங்கே ஒரு குழாய் போட்டு, குழாயின் மறுமுனையில் அதே ஃபில்டரை மாட்டி, அந்த முனையைக் கேபினுக்குள் உயரமான, புழுதி குறைந்த ஓர் இடத்துக்குக் கொண்டுபோவது. குளிர்ந்த காற்றும் வரும், தண்ணீரும் புகாது, மணல் துகள் போய் பிஸ்டன் சீலைத் தேய்ப்பதும் குறையும். மோட்டாரைச் சுற்றியுள்ள சூடு அப்படியேதான் இருக்கும் என்பதால் இது பாதி வைத்தியம், ஆனால் பெரிய பாதி. அமுக்கிய காற்று வெளியேறும் பக்கம் முதல் அரை மீட்டருக்காவது எஃகு வலை போர்த்திய டெஃப்லான் குழாய் வேண்டும், சாதாரண நைலான் அந்தச் சூட்டில் இளகிவிடும்.

துளை போடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து இன்ஜினை அணையுங்கள், பானெட்டை மூடியே வைத்து, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை நீங்கள் நினைத்திருக்கும் மூலையில் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் அதே மாதிரி எதிர்ப்பக்க மூலையில். எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் வண்டியே காட்டிவிடும், பிராக்கெட்டை அதன் பிறகு அளவெடுக்கலாம்.