"கெமிஸ்ட் ரிப்போர்ட் வரட்டும்" என்று திருப்பி அனுப்பினால்

தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரோ வீட்டில் படுத்திருந்தவரோ திடீரென்று இறந்துபோனால், போலீஸ் பிரேதப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329 முதல் 331 வரையான பிரிவுகள் அதற்கு வழி செய்கின்றன. குடும்பத்தின் சம்மதம் கட்டாயமில்லை. அங்கே எடுக்கும் இரத்தம், சிறுநீர், இரைப்பையில் உள்ளது எல்லாம் அரசின் இரசாயன இலாகாவுக்குப் போகும். அங்கிருந்து வரும் முடிவைத்தான் 'கெமிஸ்ட் ரிப்போர்ட்' என்கிறார்கள். சட்டத்தைப் பற்றி இது போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை மரணப் பத்திரத்தில் காரணம் எழுதும் இடத்தில் ஆய்வக முடிவுக்குக் காத்திருப்பதாக மட்டும் இருக்கும். அந்தத் தாளோடு எந்தக் கவுண்டருக்குப் போனாலும் ஒரே பதில்: "கெமிஸ்ட் ரிப்போர்ட் வரட்டும்." சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். வாடகையும் பள்ளிக்கூடச் செலவும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

எல்லாப் பணத்துக்கும் அந்த ரிப்போர்ட் தேவையில்லை. இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இரண்டு வகை உண்டு. 'பென்சென் பெனாக்காட்' என்று கவுண்டரில் சொல்வது, 60 வயதுக்குள் இறந்த சந்தாதாரரின் குடும்பத்துக்கான மாத ஓய்வூதியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் அது உண்டு. இரத்தத்தில் என்ன இருந்தது என்பது அங்கே கேள்வியே இல்லை. இறந்த மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அது குறைந்தாலும், மொத்தம் 24 மாதமாவது கட்டி, சேர்ந்த நாளிலிருந்து உள்ள மாதங்களில் மூன்றில் ஒரு பங்குக்காவது சந்தா வந்திருந்தால் குறைந்த விகிதத்தில் கிடைக்கும். "போதைப்பொருள் கேஸ், உங்களுக்கு ஒன்றும் வராது" என்று வாய்வார்த்தையாக யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமநிதியான இபிஎப் பணமும் மரணக் காரணத்தைப் பார்க்காது. நாமினி யார் என்று மட்டும்தான் பார்க்கும்.

இன்னொன்று 'ஃபைடா ஓராங் தாங்குங்ஙான்'. வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ நடந்த விபத்தில், அல்லது வேலையால் வந்த நோயில் இறந்தவர்களுக்கானது. அங்கே காரணம் முக்கியம், ரிப்போர்ட்டும் முக்கியம். ஆனாலும் மனுவை இப்போதே கொடுத்துவிடலாம், ரிப்போர்ட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தோட்ட ஆபீசில் "செய்துவிட்டோம்" என்றால் நகலைக் கேளுங்கள். குத்தகைக்காரர் சம்பளத்தில் சொக்சோ பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது அவருடைய குற்றம். அதற்காக நீங்கள் மனு போடாமல் இருக்காதீர்கள்.

ரிப்போர்ட்டைவிட அதிகமாகக் குடும்பங்களைச் சாய்ப்பது கல்யாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி இருபது வருடம் குடும்பம் நடத்தியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச்சிலிருந்து பதிவு கட்டாயம். பத்திரம் இல்லாத மனைவியைக் கவுண்டரில் மனைவியாக ஏற்பதில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறதா என்று உடனே எடுத்துப் பாருங்கள். இருந்தால் பிள்ளைகளின் பெயரிலாவது மனுவைக் கொடுங்கள்.

இனி பிணவறை. "உடலை வெளியே பார்த்தே காரணத்தை எழுதிவிடலாமா?" என்று அங்கே சில சமயம் கேட்பார்கள். உடம்பைக் கிழிக்க வேண்டாமே என்று சொந்தக்காரர்களும் நெருக்குவார்கள். வேலை இடத்தில் நடந்த மரணம் என்றால் தலையாட்டாதீர்கள். பிறகு சொக்சோவிடம் காட்ட உங்கள் கையில் எதுவும் இருக்காது. நம்மவர்கள் மறுநாளே தகனம் செய்துவிடுகிறோம். புதைத்த உடலைச் சட்டப்படி தோண்டி எடுத்துப் பார்க்க வழி உண்டு. தகனம் செய்துவிட்டால் அந்த வழியும் இல்லை. சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே டாக்டரிடமும் விசாரணை அதிகாரியிடமும் சொல்லுங்கள்.

ஒரு அக்கா இறந்த கணவரின் மருந்துகளைப் பசார் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிணவறைக்குக் கொண்டுவந்திருந்தார். கிளினிக் கார்டு, இனிப்புநீர் மாத்திரை அட்டைகள், பாதி தீர்ந்த இருமல் மருந்துப் புட்டி, முட்டிவலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாத வெள்ளை மாத்திரை. "இதெல்லாம் எதுக்கும்மா, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னாலும் கொண்டு போகாதீர்கள். டாக்டர் பார்க்கும்வரை நில்லுங்கள், கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடீன் உள்ள இருமல் மருந்து குடித்தவரின் இரத்தத்தில் மார்ஃபினும் தெரியலாம். அவசரப் பிரிவில் வலிக்குக் கொடுத்த ஊசியும் மார்ஃபினாக இருக்கலாம். தாளில் மார்ஃபின் என்று பார்த்ததுமே ஹெராயின் பழக்கம் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற பொருள் இருந்தால்தான் ஹெராயின் என்று உறுதியாகச் சொல்ல முடியும். இருமல் மருந்திலிருந்தோ மருத்துவமனை ஊசியிலிருந்தோ அது வராது.

இறந்தவருக்குத் தோட்டத்தில் பூச்சி மருந்து, களை மருந்து அடிக்கிற வேலை என்றால், எந்த மருந்து என்று பெயரோடு சொல்லுங்கள். ஸ்டோரில் உள்ள டப்பாவின் லேபிளையும் படம் எடுத்துக் கொடுங்கள். வழக்கமான போதைப்பொருள் சோதனையில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தெரியாது, அதற்கென்று தனியாகச் சோதிக்க வேண்டும். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. தடை வந்ததால் பழைய டப்பாக்கள் எல்லாம் காணாமல் போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும், இரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். இறந்த பிறகு சில மருந்துகள் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் இதயத்து இரத்தத்துக்குக் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் தொடை இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தைத்தான் அதிகம் நம்பலாம். இரண்டு நாள் கழித்து தோட்ட லயத்து வீட்டின் கதவை உடைத்து எடுத்த உடல் என்றால் மது அளவையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அழுகும் உடலில் கிருமிகளே ஆல்கஹாலை உண்டாக்கும். கண்ணின் உள்நீரிலும் சிறுநீரிலும் என்ன அளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மருந்து இரத்தத்தில் இருந்தது என்பது வேறு, அதனால்தான் இறந்தார் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல வேண்டியவர் பரிசோதனை செய்த டாக்டர். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேலை இல்லை.

இரசாயன இலாகாவுக்கு அலையாதீர்கள், குடும்பத்திடம் அவர்கள் கொடுக்க மாட்டார்கள். மருத்துவமனையில் கேட்டால் போலீஸ் கடிதம் கேட்பார்கள், பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) கேட்டால் மருத்துவமனையைக் கைகாட்டுவார்கள். இந்தச் சுற்றுக்கு ஒரே மருந்து எழுத்துதான். விசாரணை அதிகாரியின் பெயர், போலீஸ் ரிப்போர்ட் எண், கேட்ட தேதி மூன்றையும் போட்டு மலாயில் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அந்த நகல் உங்கள் கையில் இருக்கும். கடைசி ரிப்போர்ட் வந்த பிறகு மரணப் பத்திரத்தில் காரணத்தைத் திருத்துவதற்குத் தேசியப் பதிவிலாகாவிலும் கேட்க வேண்டும். அது தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் ஏஜண்டு போனில் "ரிஜெக்ட்" என்றால் அதை ஒரு பதிலாகவே எடுக்காதீர்கள். பாலிசியின் எந்த ஷரத்துப்படி மறுக்கிறார்கள் என்று கடிதம் கேளுங்கள். கம்பெனியின் இறுதிக் கடிதம் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவையிடம் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. கடிதம் வந்த உறையையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.