ஒட்டிக்கொண்ட இமையைப் பிரிக்காதீர்கள்

இந்தக் கோடை விடுமுறை தொடங்கிய பிறகு, இமைகள் ஒட்டிக்கொண்ட கண்ணோடு செங்கோட்டையில் கண் மருத்துவரான என்னிடம் வந்த மூன்றாவது ஆள் அந்தச் சிறுமி. புளியரைப் பெண், எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். குற்றாலம் போய்வந்த பேருந்துச் சீட்டையும் ஸ்டிக்கர்களையும் சமிக்கியையும் ஒரு நோட்டில் ஒட்டி அலங்கரித்துக்கொண்டிருந்தபோது சூப்பர் க்ளூ குழாயின் வாய் அடைத்துக்கொண்டது. முகத்துக்கு நேராகப் பிடித்துக் குண்டூசியால் குத்தி, பிதுக்கியிருக்கிறாள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

பசை தெறித்தது விபத்து; அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த மூன்று மணி நேரம் பெரியவர்கள் நடத்திய வைத்தியத்தைக் கேட்டபோதுதான் பொறுமை போயிற்று. மலைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவிலிருந்து விருந்துக்கு வந்திருந்த அம்மூம்மை (பாட்டி) நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு பிழிந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் விடச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து இமைமேல் தேய்த்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கத்து ஆட்களும் எத்தனையோ விஷயங்களில் வேறுபடுவார்கள். கண்ணில் எதையாவது ஊற்றியே தீர வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். கண்ணில் பட்ட இந்தப் பசையைக் கரைக்க வீட்டில் எதுவும் இல்லை. கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நகப்பூச்சுத் திரவத்தில் இருக்கும் அசிட்டோன் விரலில் ஒட்டிய பசையை இளக்குவது உண்மைதான்; அதே திரவம் கருவிழியின் மேற்படலத்தைப் புண்ணாக்கிவிடும். பூச்சாற்றோடும் தாய்ப்பாலோடும் கிருமிகள் போகக்கூடும். பசை கீறிய விழியில் அவற்றுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். இறுகிய பசையோ ஈரமான விழியின்மேல் நெடுநாள் நிலைப்பதில்லை. கருவிழியின் மேற்படலம் ஓயாமல் புதுப்பித்துக்கொள்வதால், பெரும்பாலும் சில நாட்களில் பசை தானே உரிந்து வந்துவிடும். ‘பசை பட்டால் கண் போய்விடும்’ என்று அழுபவர்களுக்கு ஒரு செய்தி: கருவிழியில் சிறு துளை விழுந்தால் அதை அடைக்க நாங்களே இதே குடும்பத்தைச் சேர்ந்த, மருத்துவத்துக்கெனத் தயாரித்த பசையைப் பயன்படுத்துகிறோம். உண்மையான ஆபத்து, இறுகிய துணுக்கு விழியை உராய்ந்து உண்டாக்கும் கீறலும், அதைக் கவனிக்காமல் விடுவதால் வரும் தொற்றும்தான்.

ஆகவே, பட்டவுடன் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். இமையை இழுத்துப் பிரிக்காதீர்கள், கசக்கவும் விடாதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, அன்றே கண் மருத்துவரிடம் வாருங்கள். அந்தச் சிறுமிக்கு நான் செய்ததெல்லாம் இமைமுடிகளைக் கத்தரித்து, உருப்பெருக்கியின் கீழ் பசைத் துணுக்குகளை இடுக்கியால் எடுத்து, களிம்பு போட்டதுதான். பசை உண்டாக்கிய கீறல் சிறியது. சித்தப்பாவின் திரவம் உண்டாக்கிய புண்ணை ஆற்றத்தான் ஒரு வாரம் பிடித்தது.

இரண்டாவதாக வந்தவர் கண்புரை அறுவை செய்துகொண்ட ஓர் ஆச்சி. பசை காய்ந்துவிடக் கூடாது என்று பேத்தி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்திருந்தாள். ஆச்சியின் சொட்டு மருந்தும் அங்கேதான் இருந்தது. இரண்டும் விரல் நீளக் குப்பிகள், இரண்டுக்கும் கூர்மூக்கு. கண்ணாடி போடாமல் இரவில் எடுத்தவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? பசையை மருந்து இருக்கும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

உண்மையில் காகிதத்தில் காகிதம் ஒட்ட இந்தப் பசை எதற்கு? க்ளூ ஸ்டிக் போதும். நம் ஊர்ச் சுவரொட்டிகளைத் தாங்கும் மைதாப் பசை போதும். வாஷி டேப் என்னும் அலங்காரக் காகித ஒட்டுநாடா இன்னும் நல்லது. கோணலாகிப் போனால் உரித்து மறுபடியும் ஒட்டலாம். கல், சிப்பி போன்றவற்றுக்குச் சூப்பர் க்ளூதான் வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும், அடைத்த குழாயைக் குப்பையில் போடுங்கள். சிந்தியதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்க வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் இந்தப் பசை சூடேறித் தோலைப் பொத்துப்போகச் செய்யும். ஜிகினாத் தூள் கண்ணில் விழுந்தாலும் தண்ணீர்தான், கசக்குவது கிடையாது. அது கூர்விளிம்புள்ள பிளாஸ்டிக் துணுக்கு என்பதை மறக்காதீர்கள்.

வரும்போது அந்தக் குழாயையும், ஏற்கெனவே கண்ணில் ஏதாவது ஊற்றியிருந்தால் அந்தக் குப்பியையும் கையோடு எடுத்து வாருங்கள். நான் திட்டுவேன் என்று பயந்து மறைக்க வேண்டாம். திட்டத்தான் செய்வேன், ஆனால் கண்ணைப் பார்த்து முடித்த பிறகுதான்.