டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறுதுன்னா சந்தோஷப்படாதீங்க

போன மாசம் தலவாக்கலை பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுற ஒரு தம்பி ஹட்டன்ல நம்ம கராஜுக்கு வந்தாரு. "அண்ணே, ஆயில் மாத்தி மூணு மாசமாச்சு, ஒரு சொட்டு கொறையல, கூடித்தான் இருக்கு"ன்னு சந்தோஷமா சொல்றாரு. ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா மேல் கோட்டத் தாண்டி ஒரு வெரல்கட்டை ஏறியிருக்கு, தொட்டுத் தேச்சா தண்ணியா வழுக்குது, டாஷ்போர்டுல டிபிஎஃப் (புகையில வர்ற கரியப் பிடிக்கிற ஃபில்டர்) லைட் வேற எரியுது. கேட்டா, தெரிஞ்சவர் பொரிச்ச எண்ணெயில காய்ச்சின பயோடீசல டாங்க்ல பாதிக்குப் பாதி ஊத்தியிருக்காரு.

பயோடீசலே கூடாதுன்னு நான் சொல்லல. அதுலயே 11 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கு, அதனால கரி கம்மியா வரும், வர்ற கரியும் சாதா டீசல் கரிய விட கொறஞ்ச சூட்டுலயே எரிஞ்சிடும், ஃபில்டருக்கு அது நல்லதுதான். ஐரோப்பாவுல பம்புல வர்ற சாதா டீசல்லயே 7 சதவீதம் வரைக்கும் கலக்கலாம்.

பிரச்சினை வேற எடத்துல. ஃபில்டர்ல கரி சேந்ததும் எஞ்சின் கூடுதலா டீசல் அடிச்சு 600 டிகிரி கிட்ட சூடேத்தி அத எரிக்கும். சில எஞ்சின்ல அந்த டீசல சிலிண்டருக்குள்ளயே லேட்டா அடிக்கிறதால கொஞ்சம் சுவர்ல ஒட்டி கீழ ஆயில்ல எறங்கிடும். சாதா டீசல்னா லேசான பகுதியாவது ஆயில் சூட்டுல ஆவியாயிடும், பயோடீசல் கொதிக்க 300 டிகிரிக்கு மேல வேணும், அது எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சம்புலயே தங்கி ஆயில தண்ணியாக்கிடும்.

நம்ம ரோட்டுல இது இன்னும் மோசம். ஹட்டன்லருந்து கினிகத்தேனைக்கு எறங்கும்போது ஆக்சிலேட்டர்ல கால் இருக்காது, டீசல் கட்டாகி சைலன்ஸர் ஆறிப்போகும், பாதி எரிஞ்ச கரி அப்படியே நிக்கும், அப்புறம் மறுபடி மொதல்லருந்து அடிக்கும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் ஆயிலுக்குள்ள.

அடுத்தது சாம்பல். கரி எரியும், சாம்பல் எரியாது. வீட்டுல காய்ச்சுறப்ப போடுற கோஸ்டிக் சோடாவ சரியா கழுவலன்னா சோடியம் மிஞ்சும், அது சாம்பலா ஃபில்டர் ஓட்டைக்குள்ள உக்காந்திடும், அதுக்குத்தான் ஐரோப்பிய தரத்துல சோடியமும் பொட்டாசியமும் சேத்தே ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு வச்சிருக்காங்க. நம்ம தம்பி வேன்ல ஃபில்டரக் கழட்டித் தட்டினப்ப வெள்ளையா கொட்டிச்சு. பயோடீசலா முழுசா மாறாத பொரிச்ச எண்ணெய் இருந்தா நுவரெலியா குளிருக்கு அதுவும் கட்டியாகி எஞ்சினுக்கு டீசல் போற வழியில இருக்குற ஃபில்டர அடைக்கும்.

ஆயில் ரொம்ப ஏறினா எஞ்சின் அதையே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கலாம், அப்ப சாவிய அணைச்சாலும் எஞ்சின் நிக்காம எகிறும், உள்ள புள்ளைங்க இருக்காங்க. வாரத்துல ஒரு நாள் காலையில, சமதரையில நிறுத்தி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்க உருவிப் பாருங்க. கோடு தாண்டியிருந்தா அன்னைக்கே ஓட்டத்த நிப்பாட்டி ஆயில மாத்துங்க.